ஹேட்ரியன் சுவருக்கு எந்த வரைபடம்?

கேள்வி: ஜூனில் மூன்று நாள், வட இங்கிலாந்தில் ரோமானியர் தங்கள் எல்லையில் கட்டிய ஹேட்ரியன் சுவரையொட்டி நடக்கப் போகிறோம், செஸ்டர்ஸ் கோட்டையிலிருந்து மேற்கே கிரீன்ஹெட் வரை. போனில் கூகுள் மேப்ஸ் போதுமா, காகித வரைபடம் வாங்க வேண்டுமா?

பதில்: வாங்கிவிடுங்கள். கூகுள் கார் நிறுத்துமிடத்தைக் காட்டும், வயலுக்குள் இறங்கிய பிறகு அதனால் பெரிய பயன் இல்லை, குன்றுப் பகுதியில் சிக்னலையும் நம்ப முடியாது.

நீங்கள் சொல்லும் பகுதிக்கு, பிரிட்டனின் அரசு வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் எக்ஸ்ப்ளோரர் ஓஎல் 43 என்ற ஒரே தாள் போதும். அளவு 1:25,000, அதாவது தாளில் 4 செ.மீ. என்றால் தரையில் ஒரு கிலோமீட்டர். அதே நிறுவனத்தின் 1:50,000 லேண்ட்ரேஞ்சர் மலிவாகத் தெரியலாம், ஆனால் அதில் வயல் வேலிகள் கிடையாது. அங்கே வேலி என்றாலே கற்சுவர்தான், அதிலும் பல கற்கள் ரோமானியச் சுவரிலிருந்தே பெயர்த்தவை, அதனால் எது ரோமானியர் கட்டியது, எது விவசாயி கட்டியது என்று முதல் நாள் எல்லாருக்கும் குழம்பும். எக்ஸ்ப்ளோரரில் வேலிகள் மெல்லிய கறுப்புக் கோடுகளாக இருக்கும், ரோமானியச் சின்னங்களின் பெயர்கள் மட்டும் தனி எழுத்துருவில் வரும். இந்த வித்தியாசத்தைக் கண் பழகிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

கி.பி. 122இல் தொடங்கிய அந்த எல்லை, சுவர் மட்டும் அல்ல. வடக்கே ஒரு பள்ளம், தெற்கே இரண்டு மண்மேடுகளுக்கு நடுவே வாலம் என்ற இன்னொரு பெரிய பள்ளம், ஒவ்வொரு ரோமானிய மைலுக்கும் ஒரு சிறு கோட்டை, இரண்டு கோட்டைகளுக்கு இடையே இரண்டு காவல் கோபுரங்கள். செஸ்டர்ஸ் தாண்டியதும் பல இடங்களில் சுவரே கண்ணில் படாது. 1750களில் போட்ட ராணுவச் சாலை, இன்றைய பி6318, அதன் மேலேயே ஓடுகிறது. அங்கே பள்ளத்தைத்தான் தேட வேண்டும். லைம்ஸ்டோன் கார்னரில் பாறை உடையாமல் வேலையைப் பாதியில் விட்டுப் போயிருக்கிறார்கள், ஆப்பு செருக வெட்டிய துளைகள்கூட அந்தப் பாறையில் இருக்கின்றன. தெரியாதவர்கள் ஏதோ கற்குவியல் என்று நினைத்துக் கடந்து போய்விடுவார்கள்.

ஹார்வி என்ற இன்னொரு வரைபட நிறுவனத்தின் 1:40,000 தாள் 135 கி.மீ. பாதை முழுவதையும் கடற்கரையிலிருந்து கடற்கரைவரை நடப்பவர்களுக்கு அருமை, உங்களுக்குத் தேவையில்லை. பழஞ்சின்னங்களைப் பராமரிக்கும் இங்கிலீஷ் ஹெரிடேஜ் அமைப்பு வெளியிட்ட தொல்லியல் வரைபடம் கிடைத்தால் விடாதீர்கள், ஆனால் அதைப் போவதற்கு முந்தைய இரவு விரித்துப் படியுங்கள். வழி தேட அது வேண்டாம்.

அப்புறம், ஓஎல் 43இல் நனையாத பதிப்பும் உண்டு. விலையும் எடையும் கூடுதல், மடிக்கப் போனால் அடம் பிடிக்கும். 345 மீட்டர் உயர வின்ஷீல்ட்ஸ் உச்சியில் மழையும் காற்றும் சேர்ந்து அடித்தால் சாதாரணத் தாள் கூழாகிவிடும், அதனால் நான் நனையாத பதிப்பைத்தான் வாங்கச் சொல்வேன்.