பிரெஞ்சுக் காலக் கட்டுகளை எடைக்குப் போடச் சொல்கிறார்களா?

வணக்கம். அலுவலகம் இடம் மாறுவதால் பதிவறையில் கிடக்கும் பிரெஞ்சு மொழிக் கட்டுகளை எடைக்குப் போட்டுவிடும்படி மேலதிகாரி வாய்மொழியாகச் சொல்கிறார், என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். கை வைக்காதீர்கள். வாய்மொழி உத்தரவு நாளை சாட்சி சொல்ல வராது.

புதுச்சேரி ஒன்றியப் பிரதேசம் என்பதால் 1993ஆம் ஆண்டின் பொது ஆவணங்கள் சட்டம் உங்களுக்குப் பொருந்தும். விதித்த முறையில் அல்லாமல் எதையும் அழிக்கக் கூடாது என்கிறது 8ஆம் பிரிவு. 1892க்கு முற்பட்டவை என்றால் இன்னும் கடுமை: எதற்கும் உதவாத அளவுக்குச் சிதைந்துவிட்டதாக ஆவணக் காப்பகத் தலைமை கருதினால் ஒழிய அழிக்கவே முடியாது. மீறினால் 5 ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இதில் சிக்குபவர் பெரும்பாலும் கையெழுத்துப் போட்டவர்தான், சொன்னவர் அல்ல.

முதலில் கட்டு எண், ஆண்டு, நிலை ஆகியவற்றைப் பட்டியலிட்டுக் கோப்பில் குறிப்பு வையுங்கள். பிரெஞ்சு தெரியாவிட்டாலும் ஆண்டையும் முத்திரையையும் படிக்கலாம். 1954 வரை நடந்தது பிரெஞ்சு நிர்வாகம். யாரோ ஒருவருடைய பாட்டனாரின் பிறப்புப் பதிவோ நிலப் பத்திரமோ அதற்குள் இருக்கக்கூடும். கட்டை அவிழ்க்கும்போது துருப்பிடித்த குண்டூசி தாளோடு ஒட்டியிருக்கும், பிய்க்க வேண்டாம். கிழிசலில் செல்லோடேப் ஒட்டவே கூடாது, பசை மஞ்சளித்துத் தாளைக் கெடுத்துவிடும்.

பட்டியலைத் துறையின் ஆவண அலுவலருக்கு அனுப்பி, தேசிய ஆவணக் காப்பகத்தின் புதுச்சேரி ஆவண மையத்துக்கு எழுதச் சொல்லுங்கள். அதற்குள் லாரி வந்துவிட்டால் கட்டுகளையும் புது இடத்துக்கே ஏற்றிவிடுங்கள். ஏற்றுமுன் பட்டியலில் மேலதிகாரியின் சுருக்கொப்பம் வாங்குங்கள்.