45,000 ரூபாய் குட்டியும் ஐந்தாவது இஎம்ஐயும்

கேள்வி: ஐயா, சென்னை மடிப்பாக்கத்தில் சொந்த ஃபிளாட்டில் இருக்கிறோம். நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். இருவர் சம்பளமும் சேர்ந்து மாதம் 82,000 கைக்கு வருகிறது. வீட்டுக்கடன் 24,000. அது தவிர கிரெடிட் கார்டில் நான்கு இஎம்ஐ: ஃபிரிட்ஜ் 2,600 (இன்னும் 4 மாதம்), மூணாறு போய்வந்தது 2,900 (5 மாதம்), போன் 3,900 (7 மாதம்), சோபா 3,100 (9 மாதம்). வீட்டுச் செலவும் பள்ளிச் செலவும் 38,000 ஆகிறது. வங்கியில் 18,000 இருக்கிறது. மகளுக்கு 9 வயது. அடுத்த பிறந்தநாளுக்குள் நாய் வாங்கித் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டோம். அதற்கு இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. என் நாத்தனார் கணவர், தனக்குத் தெரிந்த பிரீடரிடம் (நாய்களை வளர்த்துக் குட்டிகளை விற்பவர்) கோல்டன் ரெட்ரீவர் பெண் குட்டி 45,000-க்கு வாங்கித் தருகிறேன் என்கிறார். "இஎம்ஐ போட்டுக்கொள்ளுங்கள். ரெண்டு வருஷத்தில் குட்டி போட்டால் போட்ட பணம் திரும்பிவிடும், எனக்கு ரெண்டு குட்டி கொடுத்தால் போதும்" என்கிறார். என் தோழியோ விலங்குகள் காப்பகத்தில் நாயைத் தத்தெடுக்கச் சொல்கிறாள். எது சரி? அண்ணனிடம் முடியாது என்று சொல்லவும் தயக்கமாக இருக்கிறது.

பதில்: வரவு செலவை இவ்வளவு தெளிவாக எழுதியிருக்கிறீர்கள். வட்டி என்றால் என்ன, அவசர கால நிதி ஏன் வேண்டும் என்றெல்லாம் உங்களுக்கு நான் பாடம் எடுக்கத் தேவையில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன். பிரீடரா காப்பகமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கும் பதில் சொல்கிறேன். ஆனால் கடிதத்தைப் படித்ததும் என் கண்ணில் பட்டது அந்த நான்கு இஎம்ஐதான். ஒன்று முடிகிற நேரத்தில் அந்த இடத்தில் இன்னொன்றை உட்கார வைக்கிற பழக்கம் உங்கள் வீட்டில் வந்துவிட்டது. ஃபிரிட்ஜ் முடியப்போகிறது, அந்த 2,600 சும்மா கிடக்குமே என்று மனசு கணக்குப் போடுகிறது. குட்டி அந்தக் காலி இடத்துக்கு வருகிற ஐந்தாவது இஎம்ஐ. மாதம் 12,500 என்றால் வருடத்துக்கு ஒன்றரை லட்சம். அவ்வளவு கட்டிய பிறகும் இருவர் சம்பாதிக்கும் வீட்டில் கையிருப்பு 18,000 தான் என்றால், எனக்குக் கவலையாக இருக்கிறது.

45,000-ஐ 12 மாத இஎம்ஐயாக மாற்றினால் 16 சதவீத வட்டியில் மாதம் சுமார் 4,080 வரும். வட்டி மட்டும் 4,000. அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, அது ஒரு 700. கார்டு தேய்த்தால் விற்பவர் 2 சதவீதம் கூடுதலாகக் கேட்பது வழக்கம், அது 900. குட்டியின் விலை 50,000-ஐத் தாண்டிவிட்டது. "நோ காஸ்ட் இஎம்ஐ" என்று யாராவது சொன்னால் தயவுசெய்து நம்பாதீர்கள். பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. வட்டி கட்டணமாகவோ விலைக்குள்ளோ எங்கேயாவது ஒளிந்திருக்கும்.

சரி, இந்த 5,600 கூடுதல் செலவைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஃபிரிட்ஜை வாங்கினால் இஎம்ஐயோடு செலவு முடிந்துவிடும். நாய்க்கு அப்படியில்லை. வீட்டுக்கு வந்த நாளில் தொடங்கும் செலவு பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடும்.

கோல்டன் ரெட்ரீவருக்குத் தீனி மாதம் 3,500 என்று வையுங்கள். நம் ஊர் வெயிலில் அந்த அடர்ந்த முடியைப் பராமரிக்கவும் குளிப்பாட்டவும் 1,000. உண்ணி மருந்து 500. வருடாந்திரத் தடுப்பூசிகளை மாதக் கணக்கில் பிரித்தால் 250. ஊருக்குப் போகும்போது வருடத்தில் 12 நாள் விடுதியில் விட்டால், மாதத்துக்கு 700 விழும். கூட்டினால் 6,000-ஐ ஒட்டி நிற்கிறது. உங்களுக்கு மாதக் கடைசியில் மிஞ்சுவதோ 7,500. அதில் 4,080 இஎம்ஐயும் 6,000 பராமரிப்பும் எப்படி அடங்கும்? அடங்காத மாதத்தில் வைத்தியச் செலவு கார்டில் ஏறும். அது ஆறாவது இஎம்ஐ. 11 வருடத்துக்கு இன்றைய விலையிலேயே கிட்டத்தட்ட 8 லட்சம் ஆகிறது. வாங்கும் விலை அதில் ஆறு சதவீதம்கூட இல்லை.

இனி அண்ணன் சொல்லும் திட்டம். எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது இங்கேதான். அவர் சொல்கிற கணக்கில் செலவுப் பக்கமே இல்லை. ஆறு குட்டி பிறக்கிறது என்றே வைப்போம். இரண்டு அவருக்கு. ஒன்று தவறிப்போவது அபூர்வமில்லை. மூன்றை விற்கிறீர்கள். உங்களுக்குப் பெயரும் இல்லை, தெரிந்த வாடிக்கையாளரும் இல்லை. அதனால் குட்டிக்கு 12,000 கிடைத்தால் பெரிது. வரவு 36,000. ஸ்கேன், மருத்துவர், தாய்க்கு ஊட்டம், இரண்டு மாதம் குட்டிகளின் தீனி, முதல் தடுப்பூசிகள் எல்லாம் சேர்ந்து 30,000-ஐத் தொடும். அறுவை சிகிச்சை செய்து குட்டி எடுக்க வேண்டி வந்தால் இன்னொரு 20,000. அதாவது எல்லாம் நல்லபடி நடந்தால் 6,000 மிஞ்சும், இல்லாவிட்டால் 14,000 கைவிட்டுப் போகும். அந்த இரண்டு மாதமும் வேலைக்கு லீவு போட்டு இரவில் கண்விழிக்கப் போவது நீங்கள். இரண்டு குட்டியோடு செலவில்லாமல் போகப் போவது அவர்.

இதில் சட்டமும் இருக்கிறது. 2017-இல் மத்திய அரசு கொண்டுவந்த நாய் வளர்ப்பு, விற்பனை விதிகளின்படி, குட்டி போட வைத்து விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். 18 மாதம் ஆகாத பெண் நாயை இனப்பெருக்கத்துக்கு விடக்கூடாது. 8 வாரம் நிறையாத குட்டியை விற்கக்கூடாது. "வீட்டில் ஒரே ஒரு முறைதானே" என்று இதை ஒதுக்கிவிட வேண்டாம்.

அந்த 8 வாரம் ஏன் முக்கியம் என்று ஒரு குடும்பத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். 35 நாள் குட்டியை 18,000 கொடுத்து வாங்கி வந்தார்கள். நான்காம் நாள் வாந்தி, ரத்தபேதி. பார்வோ வைரஸ். ஐந்து நாள் குளுக்கோஸ் ஏற்றி 22,000 செலவழித்தும் குட்டி பிழைக்கவில்லை. பார்வோ தொற்றினால் அறிகுறி தெரியச் சில நாள் ஆகும். அதனால் விற்கிற அன்றைக்குக் குட்டி துள்ளி விளையாடிக்கொண்டிருக்கும். விற்றவரைக் குற்றம் சொல்லவும் ஆதாரம் இல்லை. அவர்கள் வீட்டுப் பையன் மாதக்கணக்கில் சரியாகச் சாப்பிடவில்லை என்று அவன் அம்மா என்னிடம் சொன்னபோது, என்னால் பணத்தைப் பற்றிப் பேசவே முடியவில்லை.

பிரீடர்கள் எல்லோரும் மோசம் என்று நான் சொல்லவரவில்லை. நல்ல பிரீடர் தாய் நாயைக் காட்டுவார், வளர்க்கும் இடத்துக்குள் விடுவார், வாரியப் பதிவு எண்ணைச் சொல்வார், தாய் தகப்பனின் இடுப்பு எலும்பு எக்ஸ்ரே இருக்கிறதா என்று கேட்டால் கோபப்பட மாட்டார். கோல்டன், லாப்ரடார் இரண்டுக்கும் இடுப்பு மூட்டுக் கோளாறு பரம்பரையாக வரும். கென்னல் கிளப் சான்றிதழ் வம்சாவளியைச் சொல்லும் தாள்தான், உடல்நலத்துக்கான உத்தரவாதமில்லை. குறிப்பிட்ட இனம்தான் வேண்டும் என்று உறுதியாக இருந்து, முழுப் பணமும் கையில் இருந்தால் அப்படிப்பட்டவரைத் தேடிப் போகலாம். ராஜபாளையம், சிப்பிப்பாறை போன்ற நம் இனங்கள் பிடித்திருந்தால், அவற்றையும் விசாரிக்கலாம். ஆனால் இவை ஓடுவதற்கென்றே பிறந்தவை. ஃபிளாட்டுக்குள் நாள் முழுக்கப் பூட்டிவைப்பது அவற்றுக்குச் செய்யும் கொடுமை. வெள்ளை ராஜபாளையத்தில் பிறவியிலேயே காது கேட்காத குட்டிகளும் உண்டு, சோதித்துப் பார்க்க வேண்டும்.

உங்கள் நிலைமைக்கு என் பதில் காப்பகம்தான். அதிலும் குட்டி வேண்டாம். இரண்டு மூன்று வயதான நாட்டு நாயைப் பாருங்கள். இருவரும் வேலைக்குப் போகிற வீட்டில் குட்டியை யார் நாளுக்கு நான்கு முறை கவனிப்பது? வளர்ந்த நாயின் குணம் தெரிந்துவிடும். பெரும்பாலும் தடுப்பூசி, கருத்தடை எல்லாம் முடித்தே தருவார்கள். வெளியில் கருத்தடைக்கு ஆகும் சில ஆயிரம் அப்படியே மிச்சம். மகளுக்குக் கோல்டன் மாதிரிதான் வேண்டும் என்றாலும் மனம் தளர வேண்டாம், ஆசையாக வாங்கிப் பிறகு கைவிடப்பட்ட லாப்ரடார்களும் கோல்டன்களும் காப்பகங்களில் இருக்கின்றன. உங்கள் பகுதிக்குப் பக்கத்தில் புளூ கிராஸ் காப்பகம் கிண்டி வேளச்சேரி சாலையில் இருக்கிறது.

தத்தெடுத்தால் செலவே இல்லை என்று உங்கள் தோழி சொல்லியிருந்தால் அதையும் திருத்த வேண்டும். வந்த வாரமே ரத்தப் பரிசோதனை செய்யுங்கள், உண்ணிக் காய்ச்சல் உள்ளே பதுங்கியிருக்கலாம். முதல் மாதத்துக்கு 10,000 தனியாக வேண்டும். அப்புறம் மாதம் சோறு, கோழி, முட்டை என்று 2,000, உண்ணி மருந்து 400, ஊசி 250, விடுதி 500. சுமார் 3,200. இது உங்கள் 7,500-க்குள் அடங்கும். மாநகராட்சி உரிமம் எடுத்துவிடுங்கள். வைத்தியத்துக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, காத்திருக்க வேண்டும், ஆனால் கட்டணம் குறைவு.

இப்போது பரபரப்பாக விற்கும் செல்லப்பிராணி காப்பீடு, மாதாமாதம் நாய்த் தீனியும் பொம்மையும் வரும் சந்தாப் பெட்டி, "இப்போது வாங்கு, பிறகு கட்டு" ஆப் எதுவும் உங்களுக்கு வேண்டாம். காப்பீட்டில் காத்திருப்புக் காலம், வயது வரம்பு, ஏற்கெனவே உள்ள நோய்க்கு விலக்கு என்று பாலிசிக்குள் எழுதியிருப்பதைப் படித்தால் உங்களுக்கே புரியும். அந்தப் பிரீமியத்தை ஒரு தனி சேமிப்புக் கணக்கில் போடுங்கள். அந்தக் கணக்குக்கு டெபிட் கார்டு வாங்காதீர்கள்.

இந்த மாதமே அதைத் திறங்கள். நாய் வந்துவிட்டதாகவே நினைத்து ஒவ்வொரு மாதமும் 1-ஆம் தேதி 3,200 அதில் போடுங்கள். நான்கு மாதம் தொடர்ந்து முடிந்தால் நாய் வளர்க்க உங்களால் முடியும் என்று அர்த்தம். இடையில் இரண்டு முறை எடுத்துவிட்டால் பிறந்தநாளைத் தள்ளிப்போட வேண்டியதுதான். கூடவே, முடிகிற ஒவ்வொரு இஎம்ஐயும் அதே தொகையாக அதே கணக்குக்குப் போக வேண்டும். ஃபிரிட்ஜ் 8 மாதம் 20,800, மூணாறு 7 மாதம் 20,300, போன் 5 மாதம் 19,500, சோபா 3 மாதம் 9,300. மகளின் பிறந்தநாளன்று 69,900 இருக்கும். மாதம் போட்ட 3,200 தனியாக 38,400. கடனில்லாமல் ஒரு லட்சத்துக்கு மேல். அதில் 10,000 நாய்க்கு முதல் மாதம், 20,000 அதன் அவசர வைத்தியத்துக்கு, மீதி உங்கள் குடும்பத்துக்கு.

இந்த ஒரு வருடம் மகளை வெறுமனே காத்திருக்க வைக்க வேண்டாம். காப்பகங்களில் தன்னார்வலர்களைச் சேர்க்கிறார்களா என்று கேட்டு, மாதம் இரண்டு ஞாயிறு அவளைக் கூட்டிக்கொண்டு போங்கள். சில இடங்களில் ஓரிரு வாரம் வீட்டில் வைத்துப் பார்க்கவும் தருவார்கள். எந்த நாய் அவளிடம் வந்து உட்காருகிறது என்று அவளே சொல்வாள்.

அண்ணனிடம் நீங்கள் பேச வேண்டாம், அவருடைய மைத்துனர் உங்கள் கணவர்தானே, அவர் பேசட்டும். "வீட்டில் இனிமேல் இஎம்ஐ எதுவும் எடுப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம், குட்டி போட்டு விற்கும் எண்ணமும் இல்லை" என்று சொன்னால் போதும். காரணம் கேட்டால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். பிரீடருக்கு முன்பணம் என்று அவர் ஏற்கெனவே ஏதாவது கொடுத்திருந்தால், எவ்வளவு என்று எழுதுங்கள், அதை எப்படித் தீர்ப்பது என்று பார்ப்போம்.