வீட்டருகே பெரிய ரயில் பணி நடந்தால் மனநலம் பாதிக்கப்படுமா?

ஆம், பாதிக்கப்படலாம். சத்தம், தூசி, கெட்டுப்போகும் இரவுத் தூக்கம் எல்லாம் உண்மையான காரணங்களே. ஆனால் என் பார்வையில் அவற்றைவிடக் கொடியது, என்ன நடக்கும் என்று தெரியாமல் ஆண்டுக்கணக்கில் காத்திருப்பது.

லண்டனிலிருந்து வடக்கு நகரங்களுக்குச் செல்லத் திட்டமிடப்பட்ட இங்கிலாந்தின் ஹெச்எஸ்2 அதிவேக ரயில் திட்டத்தைப் பாருங்கள். 2010இல் பாதை அறிவிக்கப்பட்டதுமே அதையொட்டிய வீடுகளை விற்பது கடினமாயிற்று. விற்கவும் வழியில்லை, நிம்மதியாகக் குடியிருக்கவும் வழியில்லை. ஒழுகும் கூரையைச் சரிசெய்வதா, எப்படியும் இடிக்கப் போகிறார்களே என்று விடுவதா? 2021இல் லீட்ஸ் நகருக்கான கிளைப் பாதையும் 2023இல் மான்செஸ்டர் நகருக்கான கிளைப் பாதையும் கைவிடப்பட்டன. அத்தனை ஆண்டுக் கவலையை யார் திருப்பித் தருவார்கள்?

இதே திட்டத்துக்காக லண்டனின் யூஸ்டன் ரயில் நிலையப் பகுதியில் நடந்தது இன்னும் வேதனையானது. குடியிருப்புகளை இடித்துப் பலரை இடம்பெயரச் செய்த பிறகு, 2023இல் அங்கே வேலை நிறுத்திவைக்கப்பட்டது. எஞ்சியிருந்தவர்கள் அண்டைவீட்டாரையும் இழந்து, கட்டுமான இடத்தின் தடுப்பு வேலிகளைப் பார்த்தபடி வாழ வேண்டியதாயிற்று.

உங்கள் பகுதியில் பணி தொடங்கினால் இரவு வேலை நடக்கும் தேதிகளை முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். புகாருக்குப் பதில் சொல்லப் பொறுப்பான ஓர் அதிகாரி வேண்டும் என்றும் அக்கம்பக்கத்தாருடன் சேர்ந்து வலியுறுத்துங்கள்.