மஞ்சளாகத் தெரிந்த வெள்ளைச் சுவர்

கேள்வி: என் தாயாருக்கு வயது 71. இதயத் துடிப்புக் கோளாறுக்காக நான்கு வருடங்களாக டிகாக்சின் மாத்திரை சாப்பிடுகிறார். சென்ற மாதம் நெஞ்சுச் சளிக்கு வேறொரு டாக்டர் கிளாரித்ரோமைசின் கொடுத்தார். நான்காம் நாள் சோற்றைக் கண்டாலே குமட்டல், வாந்தி. வெள்ளைச் சுவரைப் பார்த்து, "மஞ்சள் பூசினாற்போல் இருக்கிறதே" என்றார். புதுச்சேரிக்கு அழைத்துப்போய் ரத்தம் சோதித்ததில் டிகாக்சின் அளவு மிக அதிகம் என்று வந்தது. ஒரு மாத்திரைகூடக் கூடுதலாகக் கொடுக்கவில்லை. எப்படி ஏறியது?
– ஒரு வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: உங்கள் கையில் பிழையில்லை, சகோதரி. முதுநகர்ப் பக்கம் உப்பனாற்றில் நிற்கும் பழைய மரப்படகுகளைப் பார்த்திருப்பீர்கள். பலகை இடுக்கில் தண்ணீர் கசிந்துகொண்டேதான் இருக்கும். ஒருவர் இறைத்துக்கொண்டே இருப்பதால் படகு மிதக்கிறது. இறைப்பவர் கை ஓய்ந்தால், கசிவு கூடாமலேயே தண்ணீர் ஏறிவிடும். உங்கள் தாயார் உடம்பில் நடந்தது இதுதான்.

அந்த இறைப்பவரின் பெயர் பி-கிளைக்கோபுரதம். 1280 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. செல்லின் சவ்வை 12 முறை ஊடுருவி நிற்கிறது. முதலில் அதன் வாய் உட்பக்கம் திறந்திருக்கும். மருந்து செல்லுக்குள் முழுதாக இறங்க வேண்டும் என்றுகூட இல்லை; சவ்வின் கொழுப்பில் ஒட்டியிருக்கும்போதே, நிலைப்படியில் கால் வைத்தவனைப் பிடிப்பதுபோல் பிடித்துக்கொள்ளும். செல்லின் எரிபொருளான ஏ.டி.பி. வந்து ஒட்டியதும் உள்வாய் மூடி வெளிவாய் விரியும். மருந்து வெளியே போய்விடும். ஏ.டி.பி. உடைந்ததும் பழையபடி உள்வாய் திறக்கும்.

குடலில் இது டிகாக்சினில் ஒரு பகுதியைக் குடலுக்கே திருப்பித் தள்ளுகிறது. சிறுநீரகத்தில் சிறுநீருக்குள் தள்ளுகிறது. கிளாரித்ரோமைசின் இந்தப் புரதத்தின் கையைக் கட்டிவிடும். அப்போது உள்ளே வருவது கூடும், வெளியே போவது குறையும். டிகாக்சினோ, குணம் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைந்த மருந்து. குமட்டலும் மஞ்சள் பார்வையும் அதன் பழைய அடையாளங்கள். வகுப்பில் நான் வருடந்தோறும் சொல்லி அலுத்தவை.

இந்தப் புரதம் அகப்பட்ட கதையில் நம் ஊர்ச் செடிக்கும் உறவுண்டு. வேலியில் பூக்கும் செங்காந்தளின் கிழங்கில் கோல்சிசின் என்ற நஞ்சு இருக்கிறது. 1976-இல் கனடாவில் ஜூலியானோவும் விக்டர் லிங்கும், கோல்சிசினுக்குச் சாகாத வெள்ளெலிச் செல்களில் இந்தப் புரதத்தைக் கண்டார்கள். நஞ்சை உள்ளே புகவிடாமல் சவ்வின் ஊடுருவுதன்மையை (பெர்மியபிலிட்டி) மாற்றுகிறது என்று கருதி, அந்த ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தான 'பி'யைச் சூட்டினார்கள். உண்மையில் அது புகுந்ததை வெளியேற்றுகிறது என்பது பிறகு தெரிந்தது. பெயர் மட்டும் அப்படியே நிலைத்துவிட்டது. நித்தியகல்யாணியிலிருந்து எடுக்கும் வின்பிளாஸ்டினைச் சில புற்றுநோய்ச் செல்கள் இதே வழியில்தான் துப்பிவிடுகின்றன.

காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் நேர் எதிர். இறைப்பவர்களின் எண்ணிக்கையைக் கூட்டி, டிகாக்சின் அளவைக் குறைத்துவிடும்.

டிகாக்சினை நீங்களாக நிறுத்தவோ மறுபடி தொடங்கவோ வேண்டாம். அதை இதய டாக்டர் சொல்லட்டும். இனிச் சளிக்குப் போனாலும் சரி, பல்வலிக்குப் போனாலும் சரி, அந்த மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டுபோய் டாக்டரின் மேசைமேல் வையுங்கள். மருந்துச் சீட்டு எப்படியும் வீட்டில்தான் இருக்கும்.