செம்பு விட்டதும் ஒளி மங்கியது, சவ்வு இளகிவிட்டதா?

கேள்வி: ஈரோட்டில் எம்.எஸ்சி. உயிர்வேதியியல் படிக்கிறேன். நொய்யல் தண்ணீரைப் பற்றிப் படித்தபோது வந்த ஆசையில், உலோகங்கள் செல்சவ்வை என்ன செய்கின்றன என்பதை புராஜெக்ட்டாக எடுத்தேன். பாஸ்பாடிடைல்செரீன் என்ற கொழுப்பு கலந்த லைப்போசோமில் (கொழுப்பாலான செயற்கைச் சவ்வுக் குமிழியில்) லார்டான் என்ற ஒளிரும் சாயம் ஏற்றி, பாஸ்பேட் பஃபரில் (பி.எச். மாறாமல் காக்கும் கரைசலில்) காப்பர் சல்பேட் விட்டேன். ஒளிர்வு பாதியாகக் குறைந்தது. சவ்வு இளகிவிட்டது என்று எழுதலாமா?

பதில்: அவசரப்பட்டு எழுதிப்போடாதீங்க, அம்மிணி.

டியூப்லைட் மங்கினால் துணியும் மங்கலாகத்தான் தெரியும். அதை வைத்து சேடு, அதாவது நிறச்சாயல், மாறிவிட்டது என்று எந்தச் சாயப்பட்டறைக்காரரும் சொல்லமாட்டார். லார்டானிலும் நிறம்தான் சேதி. சவ்வு இறுகியிருந்தால் ஒளிர்வு 440 நானோமீட்டர் பக்கம் இருக்கும். இளகி நீர் புகுந்தால் 490 பக்கம் நகரும். 440-இன் அளவிலிருந்து 490-இன் அளவைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுங்கள். அதுதான் ஜிபி என்ற எண்; சவ்வு இறுகினால் ஏறும், இளகினால் இறங்கும்.

செம்பில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. இணைசேராத எலக்ட்ரான் கொண்ட செம்பு அயனி, அருகிலிருக்கும் சாயத்தின் ஒளியை அணைத்துவிடும். அப்போது சாயம் கிளர்ந்த நிலையில் தங்கும் நேரமும் சுருங்கும். சுற்றியுள்ள நீர் மூலக்கூறுகள் திரும்பி அமர அவகாசமில்லை. அதனால் சவ்வு துளியும் இறுகாமலே ஜிபி ஏறிக் காட்டலாம். நீங்கள் எழுத நினைத்ததற்கு நேர் எதிர்!

துத்தநாகமும் கால்சியமும் இப்படி அணைப்பதில்லை. அவற்றை விட்டும் பாருங்கள். செம்பு செரீனைத் தேடித்தான் ஒட்டுகிறதா என்று தெரிய, செரீன் இல்லாமல் பாஸ்பாடிடைல்கோலின் என்ற கொழுப்பு மட்டுமுள்ள லைப்போசோம் ஒன்றும் வேண்டும். கடைசியில் செம்பைவிடச் சற்றுக் கூடுதல் மோல் ஈடிடிஏ சேருங்கள்; அது உலோக அயனியைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். கரைசல் நீர்த்த கணக்கைக் கழித்த பிறகு ஒளிர்வு திரும்பினால், செம்பு சும்மா ஒட்டிநின்று ஒளியை அணைத்திருக்கிறது. திரும்பாவிட்டால் கொழுப்போ சாயமோ ஆக்சிஜனேற்றம் அடைந்ததா என்று பார்க்கவேண்டும்.

இதற்கெல்லாம் முன்னால் அந்தப் பாஸ்பேட்டைக் கொட்டிவிடுங்கள். செம்பு அதனுடன் வீழ்படிவாகும். கலங்கல் ஒளியைச் சிதறடிக்கும். டிரிஸ் என்ற பஃபர் செம்பைத் தானே பிடித்துக்கொள்ளும், அதுவும் வேண்டாம். மாப்ஸ் பஃபர் போடுங்கள், செம்பு மைக்ரோமோலார் அளவிலேயே நிற்கட்டும்.

எந்தக் கோலின் கொழுப்பு என்று நீங்கள் சொல்லவில்லை. டிஎம்பிசி என்ற வகை என்றால் அது 24 டிகிரியிலேயே இளகும். சித்திரை மதியத்தில் ஏசி நின்றால் போதும், வெயில் செய்த வேலையைச் செம்பின் கணக்கில் எழுதிவிடுவீர்கள். வெப்பம் மாறாமலிருக்க, கரைசல் வைக்கும் குவெட்டின் ஹோல்டரில் வாட்டர் பாத்தை இணைத்துவிடுங்கள்.

பஃபரை மாற்றியும் மங்கினால், “செம்பு சாயத்துக்கு அருகே வருகிறது” என்ற வரியை மட்டும் இப்போதைக்கு எழுதலாம்.