சாய்வும் வெட்டுத்துண்டும்: கேள்வி பதில்

குடியாத்தம் பக்கத்து அரசுப் பள்ளிகளில் கணக்கு எடுத்து ஓய்வு பெற்றவன் நான். நேர்க்கோட்டுச் சமன்பாட்டை வரைவது பற்றி நம் பக்கத்துப் பிள்ளைகளும் பெற்றோரும் கேட்டவற்றுக்கு, வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

கேள்வி (ஆற்காடு, ஒன்பதாம் வகுப்பு மாணவி): சார், ஒய் = 2எக்ஸ் + 3 வரைய அட்டவணை போட்டுத்தான் ஆகணுமா?

பதில்: வேண்டியதில்லை பாப்பா. சமன்பாட்டிலேயே எல்லாம் இருக்கிறது. ஒய் = எம்எக்ஸ் + சி என்ற வடிவத்தில் எம் என்பது சாய்வு, சி என்பது ஒய் வெட்டுத்துண்டு, அதாவது கோடு ஒய் அச்சை வெட்டும் இடம். இங்கே சி = 3. அதனால் ஒய் அச்சில் 3-இல் ஒரு புள்ளி வை. அதுதான் (0, 3). சாய்வு 2 என்றால் எக்ஸ் ஒன்று கூடும்போது ஒய் இரண்டு கூடும். அந்தப் புள்ளியிலிருந்து வலப்பக்கம் 1, மேலே 2 போனால் (1, 5). அங்கிருந்து இன்னொரு முறை போனால் (2, 7). இரண்டு புள்ளி இருந்தாலே கோடு போட்டுவிடலாம். ஆனாலும் மூன்றாவதையும் வை. மூன்றும் ஸ்கேலில் ஒரே நேரில் உட்காரவில்லை என்றால் எங்கோ தப்பு நடந்திருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும். இடப்பக்கம் போகவேண்டுமா? 1 இடப்பக்கம், 2 கீழே: (−1, 1).

கோடு போடுவதற்கு முன்னால் தாளின் வலது மேல் மூலையில் அளவுத்திட்டம் எழுது. எக்ஸ் அச்சில் 1 செ.மீ. = எத்தனை, ஒய் அச்சில் 1 செ.மீ. = எத்தனை என்று எழுதாத படத்தை நான் திருத்தியதே கிடையாது.

கேள்வி (வாணியம்பாடி, மாணவர்): ஒய் = −(2/3)எக்ஸ் + 4. மைனஸை மேலே இருக்கும் 2-க்குக் கொடுப்பதா, கீழே இருக்கும் 3-க்கா?

பதில்: ஏதாவது ஒன்றுக்கு மட்டும். 2-க்குக் கொடுத்தால் வலப்பக்கம் 3, கீழே 2. (0, 4)-லிருந்து (3, 2), அப்புறம் (6, 0). 3-க்குக் கொடுத்தால் இடப்பக்கம் 3, மேலே 2: (−3, 6). இரண்டும் ஒரே கோட்டில்தான் விழும். இரண்டுக்கும் சேர்த்துக் கொடுத்தால் மைனஸ் காணாமல் போய் கோடு ஏறுமுகமாகிவிடும்.

கேள்வி (குடியாத்தம், ஒரு அம்மா): பையன் ஒய் = 250எக்ஸ் − 1000 என்று வைத்துக்கொண்டு முழிக்கிறான். வெட்டுத்துண்டு மைனஸில் வந்தால் என்ன அர்த்தம் சார்? எனக்குக் கணக்கு தெரியாது, பீடி சுற்றுகிறேன்.

பதில்: கணக்கு தெரியாது என்று சொல்லாதீர்கள் அம்மா. இந்தக் கணக்கு உங்களுக்குத்தான் முதலில் தெரியும். ஆயிரம் பீடிக்கு 250 ரூபாய் கூலி என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். எக்ஸ் என்பது எத்தனை ஆயிரம் சுற்றினீர்கள் என்பது. ஒய் என்பது உங்கள் கணக்கில் நிற்கும் பணம். கையில் முன்பணம் எதுவும் வாங்கவில்லை என்றால் ஒய் = 250எக்ஸ். ஒரு பீடியும் சுற்றாதபோது கணக்கில் ஒன்றுமில்லை, கோடு (0, 0) என்ற ஆதிப்புள்ளி வழியாகப் போகும்.

ஆனால் 1,000 ரூபாய் முன்பணம் வாங்கிவிட்டு வேலையைத் தொடங்கினால்? ஒரு பீடி சுற்றுவதற்கு முன்பே உங்கள் பேரில் 1,000 கடன். அதுதான் அந்த −1000. கோடு ஒய் அச்சில் பூஜ்ஜியத்துக்குக் கீழே புறப்படுகிறது. ஆயிரத்துக்கு 250 வீதம் ஏறி, எக்ஸ் அச்சை 4-இல் தொடுகிறது. நாலாயிரம் சுற்றினால் கடன் தீர்ந்தது, அதற்கு மேல் சுற்றுவதெல்லாம் கையில் நிற்கும் கூலி. பையனைப் பக்கத்தில் உட்காரவைத்து இதை நீங்களே சொல்லிக்கொடுங்கள். உங்கள் வாயால் கேட்டால் மறக்கமாட்டான்.

கேள்வி (ராணிப்பேட்டை, மாணவர்): 3எக்ஸ் + 4ஒய் = 12. சாய்வு 3 தானே?

பதில்: இல்லை தம்பி. ஒய்யைத் தனியாக நிறுத்தாமல் சாய்வைப் படிக்கக் கூடாது. 4ஒய் = −3எக்ஸ் + 12, ஒய் = −(3/4)எக்ஸ் + 3. சாய்வு −3/4.

கேள்வி (திருப்பத்தூர், மாணவி): சாய்வு 1 என்றால் 45 டிகிரி என்று படித்தேன். என் படத்தில் கோடு படுத்துக் கிடக்கிறது, தோழி படத்தில் நிமிர்ந்து நிற்கிறது. யார் செய்தது சரி?

பதில்: இரண்டு பேருமே சரியாகச் செய்திருக்கலாம். ஒய் அச்சில் 1 செ.மீ. = 5 என்று நீ எடுத்திருப்பாய், அவள் 1 என்று எடுத்திருப்பாள். இரண்டு அச்சிலும் ஒரே அளவு இருந்தால் மட்டும்தான் 45 டிகிரி கண்ணுக்குத் தெரியும். அளவுத்திட்டம் எழுது, எழுது என்று நான் தொண்டை வறளச் சொல்வது இதற்குத்தான்.

சாய்வு என்பது ஏறிய உயரத்தைக் கிடையாகப் போன தூரத்தால் வகுத்தது. உனக்குப் பக்கத்தில்தானே ஏலகிரி? மலை அடியிலிருந்து உச்சிக்கு நேராக ரோடு போட்டால் எந்த பஸ்ஸும் ஏறாது. 14 கொண்டை ஊசி வளைவு வைத்துச் சுற்றி ஏற்றுகிறார்கள். ஏறும் உயரம் அதேதான், ஓடும் தூரம் கூடுகிறது, அதனால் சாய்வு குறைகிறது. அடுத்த முறை பஸ்ஸில் போகும்போது ஜன்னல் பக்கம் உட்கார்ந்து பார்.

கேள்வி (காட்பாடி, ஆட்டோ ஓட்டுநர்): சார், பாப்பா பத்தாவது படிக்கிறாள். 'ஆட்டோவில் ஏறி உட்கார்ந்ததும் வரும் தொகைதான் சி' என்று போன வாரம் எழுதியிருந்தீர்கள். 2013-இல் அறிவித்த சென்னை மீட்டர் கட்டணம் 25 ரூபாய், மேற்கொண்டு கிலோமீட்டருக்கு 12. அப்படியானால் ஒய் = 12எக்ஸ் + 25 தானே? 5 கிலோமீட்டருக்குப் போட்டால் 85 வருகிறது. அவ்வளவு வராதே!

பதில்: வராதுதான். நான் எழுதியதில்தான் குறை, உங்கள் கணக்கில் இல்லை. 2013-இல் அரசு அறிவித்த அந்தக் கட்டணத்தில் 25 ரூபாய் என்பது முதல் 1.8 கிலோமீட்டருக்கும் சேர்த்து. அந்த 1.8-ஐ நான் விட்டுவிட்டேன். 5-இலிருந்து 1.8 போனால் 3.2. அதை 12-ஆல் பெருக்கினால் 38.40. 25-ஐக் கூட்டினால் 63 ரூபாய் 40 காசு.

கேள்வி (வேலூர், கல்லூரி மாணவர்): அப்படியானால் சி எவ்வளவு சார்? ஏறியதும் 25 ரூபாய் என்பது உண்மைதானே. பூஜ்ஜியத்தில் 25 என்றால் வெட்டுத்துண்டு 25 தான்.

பதில்: அருமையான கேள்வி, நின்று பார்க்கவேண்டிய இடம் இது. கட்டணத்தின் படம் ஒரே கோடு இல்லை, இரண்டு துண்டு. பூஜ்ஜியத்திலிருந்து 1.8 வரை 25-இல் படுத்த கோடு. அங்கே சாய்வு 0, வெட்டுத்துண்டு 25, நீங்கள் சொல்வது அதற்குப் பொருந்தும். 1.8-க்கு அப்பால் ஏறுகிற துண்டு வேறு. அது (1.8, 25), (2.8, 37), (3.8, 49) வழியாகப் போகிறது, சாய்வு 12. இந்தத் துண்டைப் பின்னால் நீட்டினால் ஒய் அச்சை எங்கே வெட்டும்? 25-இலிருந்து 1.8 × 12, அதாவது 21.60 இறங்கவேண்டும். 3.40. ஆக, ஒய் = 12எக்ஸ் + 3.40.

கேள்வி (அதே மாணவர்): 3 ரூபாய் 40 காசுக்கு யாரும் ஆட்டோ ஏறமுடியாதே. அந்த எண்ணுக்கு என்ன பொருள்?

பதில்: கட்டணமாக அதற்குப் பொருள் இல்லை, கோட்டை வரையத்தான் அது உதவும். எக்ஸ் பூஜ்ஜியமாகும்போது கோடு ஒய் அச்சில் இருக்கும் இடம்தான் வெட்டுத்துண்டு. அந்தப் பூஜ்ஜியம் கதைக்குள் வருகிறதா என்று தனியாகப் பார்க்கவேண்டும். பீடிக் கணக்கில் வந்தது: வேலை தொடங்காத நேரம். ஆட்டோவின் ஏறுகிற துண்டில் வரவில்லை, அது 1.8-இல்தான் பிறக்கிறது. 'தொடக்கத் தொகை' என்று சொல்லிச் சொல்லியே பிள்ளைகளுக்கு இதை மறைத்துவிடுகிறோம். நானும் அப்படித்தான் சொல்லிவந்தேன், இனி சொல்லமாட்டேன்.

கேள்வி (சோளிங்கர், மாணவர்): எக்ஸ் = 4 என்ற கோட்டின் சாய்வு பூஜ்ஜியமா?

பதில்: இல்லை. செங்குத்துக் கோட்டுக்குச் சாய்வு வரையறுக்கப்படவில்லை, பூஜ்ஜியத்தால் வகுக்க முடியாது. பூஜ்ஜியச் சாய்வு ஒய் = 4-க்கு.

கேள்வி (ஆம்பூர், மாணவி): அட்டவணை போடாமல் எப்படி வரைவது சார்?

பதில்: முதல் பதிலைப் படி.

கேள்வி (அரக்கோணம், ஒரு தந்தை): என்ஜினீயரிங் கவுன்சிலிங்கில் எந்தப் பிரிவு எடுக்கலாம்?

பதில்: அது என் வேலை இல்லை ஐயா. பள்ளியில் பிளஸ் டூ ஆசிரியரைக் கேளுங்கள்.

கேள்வி (பேரணாம்பட்டு, மாணவர்): 2எக்ஸ் − 5ஒய் = 10-க்குச் சாய்வு 2 தானே?

பதில்: ராணிப்பேட்டைத் தம்பிக்கு எழுதியதேதான். ஒய்யைத் தனியாக நிறுத்து. இந்த வாரம் இதற்கு மேல் இந்தக் கேள்விக்குப் பதில் எழுதமாட்டேன்.

கேள்வி (காட்பாடி ஆட்டோ ஓட்டுநர், மறுபடியும்): பாப்பா வரைந்த படத்தை அனுப்பியிருக்கிறேன். சரியா சார்?

பதில்: பார்த்தேன். 1.8-ஐச் சரியாக 1-க்கு அப்புறம் எட்டாவது சின்னக் கட்டத்தில் வைத்திருக்கிறாள், அதுவரை கோடு படுத்திருக்கிறது, அங்கிருந்து ஏறுகிறது. ஏறுகிற துண்டை 3.40 வரை பின்னால் நீட்டும்போது புள்ளிக்கோடாகப் போட்டிருக்கிறாள். நான் சொல்லிக்கொடுக்காததை அவளே கண்டுபிடித்திருக்கிறாள், ரொம்ப சந்தோஷம். வலது மேல் மூலை மட்டும் காலியாக இருக்கிறது. எக்ஸ் அச்சில் 1 செ.மீ. = 1 கி.மீ., ஒய் அச்சில் 1 செ.மீ. = 10 ரூபாய். அதை எழுதிவிட்டு இன்னொரு முறை அனுப்பச் சொல்லுங்கள்.