கைதட்டலும் பிடிக்கிறது, கூச்சமாகவும் இருக்கிறது

கேள்வி: எனக்கு 43 வயது, வங்கியில் வேலை. ஆறு மாதமாகக் காலை 6 மணிக்கு கிராஸ்ஃபிட் (எடை தூக்குவது, ஸ்குவாட், புஷ்-அப் எல்லாம் கலந்து வேகமாகச் செய்யும் பயிற்சி) மாதிரியான ஒரு குரூப் கிளாஸுக்குப் போகிறேன். பன்னிரண்டு பேரில் தினமும் கடைசியாக முடிப்பது நான்தான். மற்றவர்கள் சுற்றி நின்று, "கமான் அக்கா, இன்னும் மூணுதான்!" என்று கத்திக் கைதட்டுவார்கள். சந்தோஷமாகவும் இருக்கிறது, கூசவும் செய்கிறது. போன வாரம் அந்த வேகத்தில் வழக்கத்தைவிட 10 கிலோ கூடுதலாக டெட்லிஃப்ட் (தரையிலிருந்து எடையைத் தூக்கி நிமிர்வது) செய்து இடுப்பு பிடித்துக்கொண்டது. யாரிடமும் சொல்லவில்லை. ஒருநாள் போகாவிட்டால் வாட்ஸ்அப்பில் "அக்கா எங்கே?" என்று கேட்கிறார்கள். கிளாஸ் முடிந்து எல்லாரும் டீக்கடையில் நிற்கும் அந்த அரை மணி நேரம்தான் என் நாளிலேயே நல்ல நேரம். கணவர், "பேசாம வாக்கிங் போ" என்கிறார். விட்டுவிடவா?
- ஒரு வாசகி, தாம்பரம்

பதில்: விட வேண்டாம். ஆனால் இடுப்பை முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். வலி காலுக்கு இறங்கினாலோ மரத்துப்போனாலோ இன்றைக்கே போங்கள்.

உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது எடை இல்லை, "யாரிடமும் சொல்லவில்லை" என்ற வரிதான். உங்களைக் கைதட்டித் தூக்கிவிட்ட கூட்டத்திடமே வலியை மறைக்கிறீர்கள். எனக்கும் இது நடந்திருக்கிறது. சில வருடங்களுக்கு முன் இப்படி ஒரு கிளாஸில் முதல் நாளே பக்கத்தில் இருந்தவர்களுக்கு ஈடுகொடுத்து ஸ்குவாட் போட்டேன். அடுத்த இரண்டு நாள் இந்தியன் டாய்லெட்டில் உட்கார்ந்துவிட்டுக் குழாயைப் பிடித்துத்தான் எழுந்தேன். கேட்டவர்களிடம் "சூப்பரா இருக்கேன்" என்றுதான் சொன்னேன்!

கூட்டத்தில் நம்மால் கூடுதலாகச் செய்ய முடிவது பிரமை இல்லை. 1920-களில் ஓட்டோ கோலர் என்ற ஜெர்மானிய உளவியலாளர், பெர்லின் படகு கிளப்காரர்களைத் தனியாகவும், பிறகு சேர்ந்து ஒரே கம்பியைப் பிடித்தும் எடை தூக்கச் சொன்னார். யாராவது ஒருவர் ஓய்ந்தால் ஆட்டம் முடிந்தது. அப்படிச் சேர்ந்து தூக்கும்போது பலம் குறைந்தவர் தனியாகச் செய்ததைவிட அதிக நேரம் தாக்குப்பிடித்தார். ஆனால் ஜோடிக்குள் பலத்தில் ஓரளவு வித்தியாசம் இருந்தால்தான் இது நன்றாக நடந்தது. இடைவெளி ரொம்பப் பெரிதானால் பலன் குறைந்துபோனது. அதனால் உங்கள் கிளாஸிலேயே பலசாலியாக ஓர் ஐடி கம்பெனித் தம்பி இருந்தால், அவர் பக்கத்தில் நிற்காதீர்கள். உங்களைவிட ஒரு படி மட்டும் மேலே இருப்பவர் யார் என்று பாருங்கள். பன்னிரண்டு பேரில் ஒருவர் கட்டாயம் இருப்பார்.

அடுத்து, இந்தக் 'கடைசி ஆள்' விஷயம். கிராஸ்ஃபிட் பயிற்சிகளில் பொதுவாக இரண்டு மாதிரி உண்டு. ஒன்று, சொன்ன எண்ணிக்கையை எவ்வளவு சீக்கிரம் முடிக்கிறோம் என்று பார்ப்பது. இதில் யாராவது ஒருவர் கடைசியாக வந்தே தீருவார். இன்னொன்று, குறித்த நேரத்துக்குள் எத்தனை சுற்று என்று பார்ப்பது. 'சிண்டி' என்று ஒன்று இருக்கிறதே: 5 புல்-அப், 10 புஷ்-அப், 15 ஸ்குவாட், 20 நிமிடம். மணி அடித்தால் பன்னிரண்டு பேரும் ஒரே நொடியில் நிற்பீர்கள். யாரையும் சுற்றி நின்று கைதட்ட வேலையே இல்லை. வாரத்தில் பாதி நாளாவது இப்படி வைக்கச் சொல்லிக் கோச்சிடம் கேளுங்கள். மற்ற நாட்களில் உங்கள் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளலாம். இதற்குப் பெயர் 'ஸ்கேலிங்'. சலுகை இல்லை, அந்த முறையிலேயே உள்ளதுதான். போர்டில் பெயருக்குப் பக்கத்தில் 'ஆர்எக்ஸ்' (சொன்னதை அப்படியே செய்தார் என்ற குறி) வராது, அவ்வளவுதானே!

"தூக்குற எடையைக் குறைக்கணும்" என்று சொன்னதும் ஒரு கோச் முகம் சுளித்தால், அப்போது கிளாஸை மாற்றுங்கள்.

ஒரு விஷயம் மட்டும் விளையாட்டில்லை. அளவுக்கு மீறித் தசையை வதைத்தால் அது சிதைந்து, அதிலிருந்து வரும் புரதம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ராப்டோமயோலிசிஸ் என்பார்கள். கிராஸ்ஃபிட்காரர்கள் இதற்கு 'அங்கிள் ராப்டோ' என்று ஒரு கோமாளிப் படமே வைத்திருந்தார்கள். டயாலிசிஸ் மெஷினோடு நிற்கும் கோமாளி. எனக்கு அதில் சிரிப்பு வரவில்லை. கடும் வலி, வீக்கத்தோடு சிறுநீர் டிக்காஷன் நிறத்தில் போனால் வீட்டில் தண்ணீர் குடித்துச் சமாளிக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கணவர் சொல்வதில் பாதி சரி. வாக்கிங் நல்லதுதான். ஆனால் வாரம் இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. வாக்கிங் மட்டும் அதற்குப் போதாது. தவிர, அவர் சொல்லும் வாக்கிங்கில் டீக்கடைக் கூட்டமும் இல்லையே! நீங்கள் பயப்படுவது அதை இழப்பதற்குத்தான் என்று நினைக்கிறேன்.

அதனால் நாளைக் காலை "அக்கா எங்கே?" என்று வந்தால் இப்படிப் பதில் போடுங்கள்: "இடுப்பு பிடிச்சிருக்கு. டாக்டர் சொல்ற வரைக்கும் கிளாஸ் இல்ல. ஏழு மணிக்கு டீக்கடைக்கு வந்துடறேன்."